ஞாயிறுதோறும் காணாமல் போகும் கார்

ஸ்பீடாமீட்டர் முள் இருநூறைத் தொட்டதும் டில்மனின் வாய் தானாக மூடிக்கொண்டது.

பக்கத்து சீட்டில் காகிதப் பையைப் பிரித்துக்கொண்டிருந்த வால்புர்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"ஓட்டறேன் பாஸ்."

"காலைலேர்ந்து அதைத்தானே செய்யறே. அப்பெல்லாம் பேச்சும் கூடவே வந்துது."

டில்மன் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான். கார் அவனுடைய அக்காவுடையது. எலுமிச்சை மஞ்சள். பார்க்கிறவர்களுக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டி மாதிரி சாதுவாகத் தெரியும். இன்ஜின் மூடியைத் திறந்தால்தான் அந்தச் சின்ன உடம்புக்குள் எவ்வளவு பெரிய கோபத்தைத் திணித்து வைத்திருக்கிறார்கள் என்று புரியும். "நம்ம ஆபீஸ் வேன்ல அந்தக் காரைத் துரத்தணும்னா, இறக்கமா இருக்கணும், பின்னாடி புயல் அடிக்கணும்" என்று சொல்லி இதை இரவல் வாங்கி வந்தவன் அவன்தான். தான் எப்பேர்ப்பட்ட டிரைவர் என்று நேற்று முழுக்க வால்புர்காவுக்கு வகுப்பே எடுத்திருந்தான். இப்போது அந்த வகுப்பில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. ஸ்டீயரிங் உயிருள்ள மீன் மாதிரி கைக்குள் நெளிந்தது. கதவு இடுக்கில் காற்று ஊளையிட்டது. வலது லேனில் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்த கார்களெல்லாம் யாரோ நிறுத்திவிட்டுப் போனவை போல் பின்னால் நழுவின.

முன்னால், வெகு தூரத்தில், ஒரு சிவப்புப் பொட்டு. அதே ஜாதிக் கார். அது மட்டும் கிட்டவே வரவில்லை.

"வெண்ணெய் தடவி உப்புத் தூவின பிரெட்ஸல் ரொட்டி இருக்கு. ஒரு வாய் ஊட்டி விடட்டுமா?"

"வேணாம் பாஸ்."

"பரவால்ல, நானே சாப்பிடறேன்" என்றாள் வால்புர்கா, வீட்டு சோபாவில் இருப்பவள் போல.

வால்புர்கா ஷ்டால் நியூரம்பர்கில் ஒரு துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்றால் அவள், டில்மன், ஓர் அறை, வெந்நீரைவிட மோசமான காப்பி போடும் ஓர் இயந்திரம். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை ஆராய்கிற வேலையில் இருந்தவள். நசுங்கிப்போன கார்களையும் நசுங்காத பொய்களையும் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் சொல்வதில் பாதியையும் கார்கள் சொல்வதை முழுதாகவும் நம்புகிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

அந்த அறைக்குத்தான் வியாழக்கிழமை ஓட்மார் கிண்ட்லர் வந்து உட்கார்ந்தார். பக்கத்து ஃபாய்க்ட் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர், பெரிய கைகள், நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

"என் காரைத் திருடறாங்க" என்றார்.

"எப்ப திருடினாங்க?" என்றாள் வால்புர்கா.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

டில்மன் எழுதுவதை நிறுத்தினான். "ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரா சார்? அத்தனை கார் எங்கேர்ந்து வருது உங்களுக்கு?"

"ஒரே கார்தான். திருப்பிக் கொண்டு வந்து வெச்சுடறாங்க."

ஞாயிறு காலையில் அவர் நண்பர்களோடு மலையேறப் போவார். மத்தியானம் வந்து பார்த்தால் கார் ஷெட்டில்தான் நிற்கும், ஷெட் பூட்டியிருக்கும், சாவி ஆணியில் தொங்கும். ஆனால் காரின் மூக்கு சுடும். டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கும், அவர் விட்டுப் போனதைவிடக் கூடுதலாகவே. கிலோமீட்டர் ஏறியிருக்கும். வசந்தத்தில் கொஞ்சமாக ஆரம்பித்தது, வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூடி, இப்போது தெற்கே ஹோலடாவ் குன்றுகள் வரை போய் வருகிற தூரத்துக்கு வந்துவிட்டது.

"டாங்கை ரொப்பி வைக்கிற திருடன்" என்றான் டில்மன். "சார், அவனைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி எங்க ஆபீஸ் வேனையும் ஒரு தடவை திருடச் சொல்ல முடியுமா?"

கிண்ட்லர் சிரிக்கவில்லை.

"வீட்டுல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டாள் வால்புர்கா.

"மனைவி. டோரிட். அவ கார் ஓட்டறதில்ல. நான் ஓட்டறப்போ பக்கத்துல உக்காந்தாலே கைப்பிடியைப் புடிச்சுப்பா." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவகிட்ட இதைப் பத்திக் கேக்கக்கூடாது. தெரியவும் கூடாது."

சனிக்கிழமை மாலை, டோரிட் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இருவரும் ஷெட்டுக்குள் போய் அந்தச் சிவப்புக் காரைச் சுற்றி வந்தார்கள். டில்மன் வழக்கம்போல எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரு கருத்துச் சொன்னான். சீட் பின்னால் தள்ளியிருந்தது. ஆகவே திருடன் உயரமானவன். பின்னால் பார்க்கிற கண்ணாடி உயரத்தில் இருந்தது. ஆகவே திருடன் மிக உயரமானவன். டயர்களில் காற்று கல் மாதிரி இருந்தது. ஆகவே கிண்ட்லருக்குப் பொழுது போகவில்லை.

வால்புர்கா கதவோரத்துத் தூணில் சீட் பெல்ட் மாட்டியிருக்கிற வளையத்தை மட்டும் பார்த்தாள். உயரத்துக்குத் தகுந்தபடி மேலே கீழே நகர்த்துகிற வளையம் அது. அடி மட்டத்தில் கிடந்தது.

"சீட்டைத் திரும்பப் பழைய இடத்துல வெச்சாங்க. கண்ணாடியைத் திருப்பி வெச்சாங்க. இதை மறந்துட்டாங்க" என்றாள். "கிண்ட்லர் இந்த பெல்ட்டைப் போட்டா தோளுக்குப் பதிலா முழங்கையைத்தான் கட்டும். ஓட்டினது குட்டையான ஆள்."

"குட்டையான திருடன். சரி. அதையும்தான் யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றான் டில்மன்.

கிண்ட்லர் வீடு முட்டுச் சந்தில் இருந்தது. அங்கே ஒரு மஞ்சள் கார் நின்றால் சந்துக்கே தெரிந்துவிடும். அதனால்தான் இன்று காலை நெடுஞ்சாலை ஏறுகிற இடத்தில் காத்திருந்தார்கள். சிவப்புக் கார் வந்தது, ஏறியது, போயிற்று. உள்ளே இருந்தது யார் என்று டில்மன் கண்ணுக்குப் படவில்லை. ஒரு தொப்பி இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஆல்ட்மியூல் பள்ளத்தாக்கையும் டான்யூப் பாலத்தையும் தாண்டியாயிற்று. நடுவே சாலை வேலை நடந்த இடத்தில் சிவப்புக் கார் சட்டென்று பூனையாகிவிட்டது. பலகையில் எண்பது என்றால் எண்பது. அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை. அது முடிந்து, வேக வரம்பு தீர்ந்தது, இனி இஷ்டம்போல் போகலாம் என்று கோடு போட்ட வெள்ளைப் பலகை வந்ததோ இல்லையோ, மறுபடியும் அம்பு.

"பாத்தியா?" என்றாள் வால்புர்கா.

"போலீஸ் பயம்."

"திருட்டுக் காருக்கு வேகக் கேமராவைப் பத்தி என்ன கவலை? போட்டோ எடுத்தா அது காரோட சொந்தக்காரர் வீட்டுக்குத்தானே தபால்ல வரும்."

"ஆமா. அதனால?"

"அது அந்த வீட்டுக்கு வரக்கூடாதுன்னு இந்த ஆளுக்குக் கவலை."

டில்மனுக்கு அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. ஆனால் விளங்கிக்கொள்ள அது நல்ல நேரமில்லை. பின்னால் ஒரு பெரிய கறுப்புக் கார் விளக்கை அடித்துக்கொண்டு முதுகில் ஒட்டியது. டில்மன் திக்கித் திணறி வலது பக்கம் ஒதுங்கினான். அந்தக் கறுப்புக் கார் முன்னால் போய் சிவப்புக் காரின் முதுகிலும் ஒட்டியது. சிவப்புக் கார் பதறவில்லை. சிக்னல் போட்டு ஒதுங்கி, வழிவிட்டு, மறுபடி சிக்னல் போட்டு இடது லேனுக்கு வந்தது. ஏதோ கதவைத் திறந்து பிடித்து, 'முதல்ல நீங்க போங்க' என்று சொன்ன மாதிரி இருந்தது.

"அழகா ஓட்டறாங்க" என்றாள் வால்புர்கா.

"நான்?"

"நீ ஓட்டறே."

பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் கொடிகள் கம்பங்களில் ஏறி நின்ற குன்றுகள் வந்தன. சாலை மேடேறி, மேட்டின் தலையில் நீளமாக இடப்பக்கம் வளைந்தது. வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியவில்லை. வானம் மட்டும்தான் இருந்தது. சிவப்புக் கார் வளைவுக்கு முன்னால் ஒரு கணம் தயங்கியதை டில்மன் பார்த்தான். பிரேக் விளக்கு எரியவில்லை. வேகம் மட்டும் லேசாகக் குறைந்து, பிறகு யாரோ முடிவெடுத்த மாதிரி, ஒரே சீராக ஏறி வளைவுக்குள் நுழைந்து மறைந்தது.

டில்மனும் நுழைந்தான். பாதியில் அவன் கால் அவனைக் கேட்காமல் பிரேக்கை மிதித்தது. காரின் பின்பக்கம் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டியது. அடுத்த கணம் அவன் வலது லேனில், ஒரு கேரவனுக்குப் பின்னால், தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தான். கேரவனின் பின் ஜன்னலிலிருந்து ஒரு நாய் அவனையே பார்த்தது.

வால்புர்கா மடியில் சிதறிய உப்பைத் தட்டிவிட்டாள்.

"விட்டுட்டேன் பாஸ்" என்றான் டில்மன். "போயிடுச்சு."

"போகல. அடுத்த ஓய்விடத்துல நிக்குது. மெதுவா போ."

"எப்படிச் சொல்றீங்க?"

"கிலோமீட்டர் எப்படி ஏறினதுன்னு கிண்ட்லர் சொன்னாரே. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா. நீ என்ன சொன்னே அதுக்கு?"

"திருடனுக்குப் பேராசைன்னேன்."

"பேராசைக்காரன் முதல் நாளே மியூனிக் போயிருப்பான். இது வாரத்துக்கு ஒரு எக்சிட்டா தள்ளித் தள்ளிப் போயிருக்கு. கடலுக்குள்ள எறங்கப் பயப்படறவங்க முதல் நாள் கணுக்கால், மறுநாள் முழங்கால்னு எறங்கற மாதிரி. கிலோமீட்டர் கணக்குப்படி போன வாரம் வளைவுக்கு முந்தின எக்சிட்ல திரும்பிட்டாங்க. இன்னிக்கு வளைவைத் தாண்டியாச்சு. தாண்டினா கை கால் உதறும். முதல்ல நிறுத்தற இடத்துல நிறுத்துவாங்க."

நிறுத்தியிருந்தார்கள். ஓய்விடத்தின் ஓரத்தில், ஒரு பீச் மர நிழலில், சிவப்புக் கார் சூடு ஆறி டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து மர மேஜையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். அறுபதை ஒட்டிய வயது. நீலத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தாள். கால் தரையைத் தொடாத அளவுக்குக் குட்டை. எதிரே காப்பிக் கோப்பை. அதை எடுக்கப் போவாள், காப்பி தளும்பும், திரும்ப வைத்துவிடுவாள்.

வால்புர்கா கேட்காமலே எதிரில் உட்கார்ந்தாள். டில்மன் நின்றான்.

"அந்த மஞ்சள் கார் நீங்கதானா?" என்றாள் அந்தப் பெண்மணி டில்மனைப் பார்த்து. "பின்கண்ணாடியில பாத்தேன். வளைவுல பிரேக் போடாதீங்க தம்பி. நுழையறதுக்கு முன்னாடியே காலை மெள்ள எடுத்துடணும். உள்ள போனப்புறம் கார் சொல்றதைத்தான் நாம கேக்கணும்."

"முன்னாடி ஒரு நாய் என்னையே பார்த்துச்சு, அதுக்குத்தான் பிரேக் போட்டேன்" என்றான் டில்மன். நாய் எங்கே இருந்தது என்று சொல்லவில்லை.

வால்புர்கா தன் பெயரைச் சொன்னாள். தொழிலைச் சொன்னாள். யார் அனுப்பினார் என்பதையும் சொன்னாள். டோரிட் கிண்ட்லரின் முகம் வெளுத்தது.

"தெரிஞ்சுபோச்சா அவருக்கு?"

"கார் திருட்டுப் போகுதுன்னு சொன்னார். யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னார்."

"சொல்லாதீங்க" என்றாள் டோரிட். "அவருக்கு அந்தக் கார்னா உயிர். வேற ஒரு பெரிய கார் பாக்கத்தான் ஷோரூமுக்குப் போனோம். நான் போற வழியில இது மேல சும்மா கை வெச்சேன். மறுநாள் இதை வாங்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறார். ரொம்ப நாள் ஆசைங்கறார். அவ்வளவு ஆசையா வாங்கிட்டு நூத்துப் பத்துக்கு மேல போகமாட்டார். பின்னாடி வர்றவன் எல்லாம் லைட் அடிப்பான். எனக்கு எரிச்சல் தாங்காது, கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு வாயை மூடிட்டு உக்காந்திருப்பேன்."

"அவர் அதைப் பயம்னு நினைச்சுக்கிட்டிருக்கார்" என்றான் டில்மன்.

"பயமும்தான்" என்றாள் அவள், கோப்பையைப் பார்த்தபடி. "பதினோரு வருஷம் முன்னாடி வரைக்கும் வீட்டுல ஓட்டறவ நான்தான். நல்லா ஓட்டுவேன். வேகமாவும் ஓட்டுவேன். ஒரு நாள் இதே வளைவு, கொட்டற மழை. கார் பம்பரமா சுத்தி எதிர்ப்பக்கம் பாத்து நின்னுது. பின்னாடி ஒரு லாரி. அது எப்படி நின்னுதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. யாருக்கும் அடி இல்ல. அவருக்குக் கண்ணாடி மட்டும் உடைஞ்சுது. கண்ணாடிக் கடைக்காரர்தானே, வேற போட்டுக்கிட்டார். ஒரு வார்த்தை திட்டல. நான்தான் சாவியை வெச்சவ வெச்சவதான்."

டோரிட் மேஜையிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தாள்.

"ஏப்ரல் மாசம் அவர் மலையேறப் போயிருந்தப்போ சாவி ஆணியில தொங்கிட்டு இருந்துது. தெருமுனை வரைக்கும் போய்ட்டு வருவோம்னு எடுத்தேன். அப்புறம் ஒரு எக்சிட். இந்த வளைவைத் தாண்டினதும் அவர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி சொல்லி, நடுவுல என்னால முடியாமப் போச்சுன்னா? அவர் முகத்தைப் பாக்கணுமே."

"கிண்ட்லர் அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் வால்புர்கா. "டயருக்கு யார் காத்து அடிக்கிறாங்க?"

"காத்தா?" டோரிட் விழித்தாள். "நான் பெட்ரோல் போடுவேன். கண்ணாடியில ஒட்டற பூச்சியைத் துடைப்பேன். காத்தெல்லாம் பாக்கல."

"பெட்ரோல் மூடிக்குள்ள ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சாதாரணமா ஓட்டறதுக்கு ஒரு அளவு. பறக்கறதுக்கு ஒரு அளவு. நேத்து சாயங்காலம் நாலு டயர்லயும் ரெண்டாவது அளவு சரியா இருந்துது. தம்பிதான் தொட்டுப் பாத்தான்."

"கல்லு மாதிரி இருந்துது" என்றான் டில்மன், தன்னையறியாமல். சொன்ன பிறகுதான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நூத்துப் பத்துல போற மனுஷன் அந்தக் காத்துல ஓட்டினா கட்டை வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடும்" என்றாள் வால்புர்கா. "சனிக்கிழமை அந்தக் காரை எடுக்கறது யார்?"

"அவர்தான். ரொட்டி வாங்கப் போவார்" என்றாள் டோரிட் மெதுவாக. "வர்றதுக்கு ரொம்ப நேரமாகும். கேட்டா வரிசைல நின்னேன்னுவார். பேண்ட் முட்டியில அழுக்கா இருக்கும். அவருக்குக் குனிய முடியாதே. முதுகு பிடிச்சுக்கும். மண்டி போட்டுத்தான் ஆகணும்."

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டில்மன் வால்புர்காவைப் பார்த்தான். "அப்ப அவருக்கு முதல்லேர்ந்தே தெரியும். யாருன்னு தெரிஞ்சவர் எதுக்கு நம்மகிட்ட வந்தார்?"

"இவங்க இறக்கின பெல்ட் வளையத்தைக்கூட அவர் ஏத்தாமலே விட்டிருக்கார். யாருன்னு தெரியும். எங்கேன்னு தெரியாது. வாரா வாரம் தூரம் கூடிக்கிட்டே போகுது. பொண்டாட்டி சொல்லாம போறா, சொல்லாம வர்றா. கேட்டா நிறுத்திடுவாளோன்னு கேக்கவும் முடியல. கேக்காமத் தூங்கவும் முடியல. கண்டதையும் நினைச்சுக்கிட்டிருக்கார்."

அது என்ன 'கண்டது' என்று டோரிட்டுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "இந்த வயசுலயா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். "பாவம். நாலு மாசமா அப்படியா நினைச்சுக்கிட்டிருந்தார்?"

"நாலு மாசமா அப்படி நினைச்சுக்கிட்டே காத்தும் அடிச்சுக்கிட்டிருந்திருக்கார்" என்றாள் வால்புர்கா.

போனை எடுத்து எண்ணை அழுத்தி மேஜை நடுவில் வைத்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் எப்போதும் ஊருக்கே கேட்கும்.

"கிண்ட்லர் சார், உங்க கார் கிடைச்சுது. எடுத்தவங்களும் பக்கத்துலயே இருக்காங்க. பேசறீங்களா?"

டோரிட் போனை நோக்கிக் குனிந்தாள்.

"நான்தான்."

"எங்க இருக்கே?"

"ஹோலடாவ்ல. அந்த வளைவுக்குத் தெற்குப் பக்கம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று டில்மன் போனை எட்டிப் பார்த்தான்.

"தாண்டிட்டியா" என்றார் கிண்ட்லர். அது கேள்வி மாதிரி இல்லை.

"தாண்டிட்டேன்."

"எவ்வளவுல?"

"இருநூத்துப் பன்னெண்டு."

அவர் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. செருமினாரா, அழுதாரா என்று டில்மனால் சொல்ல முடியவில்லை. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமென்று வாயைத் திறந்தான். வால்புர்கா பக்கத்தில் நின்ற அவன் காலை மிதித்தாள்.

"நீங்க மலைக்குப் போகலையா?" என்றாள் டோரிட்.

"நான் எங்க போனேன். ஏப்ரல்லேர்ந்தே போறதில்ல. நீ கிளம்பினப்புறம் எதிர் வீட்டு ரைஸ்னரோட மாடி ஜன்னல்ல வந்து நிப்பேன். நீ திரும்பி வர்ற வரைக்கும் நிப்பேன். அப்புறம் பூட்ஸுல கொஞ்சம் சேத்தைத் தடவிக்கிட்டு வீட்டுக்கு வருவேன்."

டோரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்துவிட்டது. "பொய்க்காரர்" என்றாள்.

"நீ மட்டும்?"

"வெச்சுடறேன். வர்றேன்."

வால்புர்கா போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். டோரிட் கோப்பையை எடுத்தாள். இந்தத் தடவை காப்பி தளும்பவில்லை. ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி, என் பின்னாடியே வாங்க. நூத்து முப்பதுக்கு மேல போகமாட்டேன்."

டில்மனுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. "எங்களுக்காகவா மெதுவா போறீங்க? தேவையில்ல, நாங்க சமாளிச்சுக்குவோம்."

"உங்களுக்காக இல்ல" என்றாள் டோரிட், கதவைத் திறந்தபடி. "வீட்டுக்குப் போனதும் அந்த மனுஷன்கிட்ட முதல் வார்த்தை என்ன பேசறதுன்னு யோசிக்கணும். அதுக்குக் கொஞ்சம் வழி வேணும்."